காணி வாங்கிக் காட்டைக் காத்தவர் - வில்லியம் கென்ற்



மலரில் பெரியவர் ஒருவரின் வாழ்க்கைக் கதை எழுதும்போது காந்தியையோ, நாவலரையோ, லிங்கனையோ எடுப்பதுதான் எங்கட வழக்கம். இந்த முறை நான் எடுத்திருப்பது வில்லியம் கென்ற் என்ற அமெரிக்கரை. காடு, தேசியப் பூங்கா என்று பேசுகிறவர்களுக்கு அங்கே நன்றாகத் தெரிந்த பெயர். அவர் இறந்து நூறு வருசம் ஆகப்போகிறது. எங்களுக்குத்தான் இந்தப் பெயர் புதிது.

ஏன் இவரை எடுத்தேன் என்று கேட்பீர்கள். நாங்கள் காணியை விட்டு வந்த சனம். காணி என்றால் வீடு, கிணறு, தோட்டம், சீதனம், இல்லாவிட்டால் வேலிச் சண்டை. இந்த மனிதரோ ஒரு காட்டை, அதில் ஒரு மரமும் தறிக்கப்படக் கூடாது என்பதற்காகவே கடன்பட்டு விலைக்கு வாங்கினார். நான் இங்கே ஒரு மரக் கம்பனியில் கணக்கு எழுதுகிறவன். இந்த நாட்டில் ஒரு கதவு நிலைக்கும் மரம் கப்பலில் வரவேண்டும். தறித்த மரத்தின் விலையை நாள் முழுக்க எழுதுகிற எனக்கு, தறிக்காத மரத்துக்கு ஒருவர் காசு கொடுத்த கதை மனதில் தங்கிவிட்டது.

பிறப்பும் வளர்ப்பும்

கென்ற் 1864 மார்ச் 29 இல் சிக்காகோ நகரில் பிறந்தார். தகப்பன் இறைச்சி வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். 1871 இல் குடும்பம் கலிபோர்ணியாவுக்கு வந்து, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற மாவட்டத்தில் காணி வாங்கிக் குடியேறியது. அந்த இடத்துக்குப் பிறகு கென்ற்ஃபீல்ட் என்றே பெயர் வந்துவிட்டது. பக்கத்தில் தமல்பாயிஸ் என்ற மலை. பெடியனாக அந்த மலையிலும் காட்டிலும் திரிந்து வளர்ந்தவர்.

1887 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1890 இல் எலிசபெத் தாச்சரை மணந்தார். ஏழு பிள்ளைகள். அந்த அம்மாவும் சாதாரண ஆள் இல்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று நாடளாவிய இயக்கத்தில் முன்னுக்கு நின்றவர். கென்ற் சிக்காகோவில் குடும்ப வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு, 1895 தொடக்கம் இரண்டு வருசம் நகரசபை உறுப்பினராகவும் இருந்தார். நகரசபையில் லஞ்சம் வாங்குகிறவர்களையும், டிராம் போன்ற பொதுச் சேவைகளைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு சனத்தைப் பிழிகிற கம்பனிகளையும் எதிர்த்துப் பேர் எடுத்தார். இதை நினைவில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

அந்தக் காடு

தமல்பாயிஸ் மலையின் தெற்குச் சரிவில் ஒரு ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அதில் ரெட்வூட் மரங்கள். ஆந்திராவில் கடத்துகிற செம்மரம் என்று நினைத்துவிடாதேங்கோ, இது வேறு. உலகத்திலேயே மிக உயரமாக வளரும் மர இனம் இதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள பெரிய மரம் 258 அடி. எங்கட நெடும்பனை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் தலையைத் தொடலாம். அனேகமான மரங்களுக்கு வயது 500 முதல் 800 வரை. 1,200 ஐத் தாண்டியதும் உண்டு. கோடையில் அங்கே மழை இல்லை. பசிபிக் கடலிலிருந்து வரும் மூடுபனிதான் இலையில் பட்டுத் தண்ணீராகச் சொட்டி மரத்தை வாழவைக்கிறது.

இந்தக் கரையோரத்தின் ஆதிக்குடிகள் மிவோக் மக்கள். ஸ்பானியர் வந்தார்கள், பிறகு மெக்சிக்கோ ஆட்சி, பிறகு அமெரிக்கா. அந்தச் சனம் காணியில்லாச் சனமாகப் போனது. 1849 இல் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்தபோது சான் பிரான்சிஸ்கோ நகரம் ரெட்வூட் பலகையால் எழும்பியது. சுற்றுவட்டாரக் காடுகள் எல்லாம் வாளுக்கு இரையாகின. இந்தப் பள்ளத்தாக்கு தப்பியதற்குக் காரணம், சரிவு கடினம், மரத்தை இறக்கிக் கொண்டுபோக வழி சரியில்லை என்பதுதான். வழி வந்தால் வாளும் வரும். உலகம் முழுக்க இன்று மிஞ்சியிருக்கும் பழைய ரெட்வூட் காடு, முன்பு இருந்ததில் நூற்றுக்கு ஐந்து வீதம்தான்.

1900 ஐ ஒட்டிய காலத்தில் அந்தக் காடு ஒரு காணி, தண்ணீர்க் கம்பனியின் கையில் இருந்தது. கம்பனித் தலைவரின் மனைவி லோரா லயன் வைற். அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாதர் கழகத்தின் தலைவி. வாக்குரிமைகூட இல்லாத அந்தப் பெண்கள்தான் காட்டைக் காக்க வேண்டும் என்று முதலில் கூட்டம் போட்டுக் காசு சேர்த்தவர்கள். சேர்ந்த காசு போதவில்லை. ஆகவே கென்றை வாங்கச் சொல்லி நெருக்கினார்கள்.

கென்றுக்கு அப்போது கையில் காசு மட்டு. பேருக்குப் பணக்காரர், கொடுக்கல் வாங்கலில் இறுக்கம். ஆனாலும் 1905 இல் 611 ஏக்கரை 45,000 டொலருக்கு வாங்கினார். எங்கட கணக்கில் 9,700 பரப்புக்கு மேல். கடன்பட்டுத்தான் வாங்கினார். மனைவி பயந்தபோது, எல்லாக் காசும் போய் மரங்கள் மட்டும் மிஞ்சினாலும் அது நட்டமில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார் என்பது அந்தக் குடும்பத்தின் பேர்பெற்ற கதை. முழுக்கத் தியாகம் என்றும் சொல்லக்கூடாது. மலைக்கு ஓடிய சுற்றுலா ரயில் கம்பனியோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. காட்டைப் பார்க்க ஆட்கள் வந்தால் வருமானம் வரும் என்ற யோசனையும் இருந்தது. ஆனால் தறித்து விற்றால் கிடைப்பதோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

பூமி நடுக்கமும் வழக்கும்

வாங்கி ஒரு வருசம் ஆகவில்லை. 1906 ஏப்ரல் 18, எங்கட சித்திரைப் பிறப்பு முடிந்த அந்த வாரம், சான் பிரான்சிஸ்கோவைப் பூமி நடுக்கமும் தீயும் சேர்ந்து அழித்தன. ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். 28,000 கட்டடங்கள் போயின. நகரத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். பலகைக்கு விலை ஏறியது. எஞ்சிய காடுகள்மேல் எல்லோருடைய கண்ணும் போனது.

1907 இல் ஒரு தண்ணீர்க் கம்பனி நீதிமன்றம் போனது. சனத்துக்குத் தண்ணீர் கொடுக்க அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்ட வேண்டும், ஆகவே கென்றின் காணியைச் சுவீகரிக்க அனுமதி வேண்டும் என்பது வழக்கு. பொதுத் தேவைக்காகக் காணி சுவீகரிப்பு என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை, விளக்கத் தேவையில்லை. அணை வந்தால் மரங்களைத் தறிக்க வேண்டும், தறித்த மரத்துக்கு விலையும் கிடைக்கும். கென்றிடம் உறுதி இருந்தது, காசு கட்டின பற்றுச்சீட்டு இருந்தது. ஆனால் சுவீகரிப்புச் சட்டத்துக்கு முன்னால் உறுதி நிற்காது.

இந்த இடத்தில்தான் மனிதரின் மூளை வேலை செய்தது. தனியாருடைய காணியைச் சுவீகரிக்கலாம். மத்திய அரசாங்கத்தின் காணியை ஒரு கம்பனி சுவீகரிக்க முடியாது. பழைய சின்னங்களைப் பாதுகாக்க 1906 இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டத்தின்படி ஜனாதிபதி தன் கையெழுத்தாலேயே ஒரு இடத்தைத் தேசியச் சின்னமாக அறிவிக்கலாம். தனியார் ஒருவர் காணியைத் தானமாகக் கொடுக்கவும் அதில் இடம் இருந்தது. கென்ற் காட்டின் நடுப்பகுதி 295 ஏக்கரை, அதாவது 4,720 பரப்பை, 1907 டிசம்பர் கடைசியில் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1908 ஜனவரி 9 இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் தேசியச் சின்னமாக அறிவித்தார். தனியார் தானம் செய்த காணியில் உண்டான முதல் தேசியச் சின்னம் அதுதான். அணையும் வரவில்லை, வாளும் வரவில்லை.

காட்டுக்கு என்ன பெயர்? ரூஸ்வெல்ற் கென்றின் பெயரையே வைக்க விரும்பினார். கென்ற் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோன் மியூர் என்ற எழுத்தாளரின் பெயரை வைக்கச் சொன்னார். மியூர் ஸ்கொட்லாந்திலிருந்து சிறு வயதில் வந்து குடியேறியவர், மலைகளையும் காடுகளையும் பற்றி எழுதியே ஒரு நாட்டின் மனதை மாற்றியவர். தனக்கு ஐந்து ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களால் என் பெயரைக் காப்பாற்ற முடியாவிட்டால் அது மறைந்தே போகட்டும் என்ற பொருளில் கென்ற் ஜனாதிபதிக்கு எழுதினார். மியூர் வூட்ஸ் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. எங்கட ஊரில் கோயிலுக்கு ஒரு ரியூப் லைற் வாங்கிக் கொடுத்தால் அதில் உபயகாரரின் பெயர் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு எழுதியிருக்கும். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

1911 முதல் 1917 வரை கென்ற் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார். அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையை உண்டாக்கிய 1916 ஆம் ஆண்டுச் சட்டத்தை மக்கள் சபையில் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். பிறகும் காணி கொடுப்பதை விடவில்லை. இறந்த வருசத்திலும் பக்கத்திலுள்ள இன்னொரு பள்ளத்தாக்கை மாநில அரசாங்கத்துக்குக் கொடுத்தார். 1928 மார்ச் 13 இல் கென்ற்ஃபீல்டில் காலமானார்.

மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது பாதியை மறைத்து எழுதினால் பிள்ளைகள் பிறகு எங்களைத்தான் கேட்பார்கள்.

முதலாவது, ஹெச் ஹெச்சி விவகாரம். யொசெமிற்றி தேசியப் பூங்காவுக்குள்ளே இருந்த அந்தப் பள்ளத்தாக்கை அணை கட்டி மூழ்கடித்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தண்ணீர் கொண்டுபோக 1913 இல் சட்டம் வந்தது. மியூர் உயிரைக் கொடுத்து எதிர்த்தார். கென்ற் அணைக்கு ஆதரவு கொடுத்தார். தண்ணீர் தனியார் கம்பனிகளின் கையில் இருக்கக்கூடாது, நகர மக்களின் சொத்தாக இருக்க வேண்டும் என்பது அவருடைய பழைய கொள்கை. சிக்காகோ நகரசபைக் கதையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். சரி பிழையை விட்டாலும், இதில் ஒரு நியாயம் விளங்குகிறது. மியூர் 1914 இல் தோற்ற மனதோடு இறந்துபோனார்.

இரண்டாவதுக்கு என்னால் நியாயம் காண முடியவில்லை. கென்ற் ஆசியர்களுக்கு எதிரானவர். ஆசியாவிலிருந்து ஆட்கள் வந்து குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று காங்கிரசில் பேசினார். 1920 இல் செனற் தேர்தலுக்கு நின்றபோது ஜப்பானியருக்கு எதிரான பேச்சே அவருடைய பெரிய ஆயுதம். அந்தத் தேர்தலில் தோற்றார். ஆனால் அதே வருசம் கலிபோர்ணியாவில் அவர் ஆதரித்த அந்நியர் காணிச் சட்டம் வாக்கெடுப்பில் வென்றது. அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் விவசாயக் காணி வாங்கக் கூடாது, குத்தகைக்கும் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே 1913 இல் வந்த சட்டத்தில் இருந்த ஓட்டைகள் பலவற்றை அது அடைத்தது. தகுதியில்லாதவர் என்றால் நடைமுறையில் ஆசியர்தான். 1923 இல் இந்தியர்களும் தகுதியில்லாதவர் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தபிறகு, அங்கே பாடுபட்ட பஞ்சாபி விவசாயிகளும் அந்த வலைக்குள் விழுந்தார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பெயரிலும், நம்பிக்கையான வெள்ளைக்காரரின் பெயரிலும் காணியை வைத்திருந்து காலம் தள்ளினார்கள்.

பாருங்கோ, காணி வாங்கி மரத்தைக் காத்த அதே மனிதர், இன்னொருவன் காணி வாங்கி ஒரு பிடி நெல்லோ மரக்கறியோ விளைவிக்கக் கூடாது என்றார். மரத்துக்குக் கொடுத்த இடத்தை மனிதருக்குக் கொடுக்கவில்லை. 2021 இல் மியூர் வூட்ஸ் அதிகாரிகள் இந்த மறுபக்கத்தையும், மிவோக் மக்களையும், காசு சேர்த்த பெண்களையும் பற்றிப் பலகையில் எழுதி ஒட்டினார்கள். 2025 இல் அரசாங்க உத்தரவை அடுத்து அந்தக் குறிப்புகள் எடுக்கப்பட்டன. பலகையில் இல்லாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

மரங்களின் கீழ் கூடிய சபை

கதை அவருடைய சாவோடு முடியவில்லை. 1945 இல் ஐக்கிய நாடுகள் சபையை உண்டாக்க 50 நாடுகளின் பிரதிநிதிகள் சான் பிரான்சிஸ்கோவில் கூடினார்கள். இந்தியாவின் குழுவுக்குத் தலைவர் ஆற்காடு இராமசாமி முதலியார். மாநாட்டுக்குக் கொஞ்சம் முன்னர் ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற் இறந்துபோயிருந்தார். அவருக்கு அஞ்சலி செய்ய மே 19 இல் பிரதிநிதிகள் வந்து நின்ற இடம் மியூர் வூட்ஸ். கென்ற் கடன்பட்டுக் காத்த மரங்களின் கீழேதான் அந்தக் கூட்டம் நடந்தது. அகதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பை 1951 இல் எழுதியதும் அதே சபைதான். எங்களில் எத்தனை பேருடைய கோவை அந்தச் சபையின் அலுவலகங்களில் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. செய் ஃபூஜி என்ற ஜப்பானியர், சட்டம் படித்தும் குடியுரிமை இல்லாததால் சட்டத்தரணியாக முடியாமல் பத்திரிகை நடத்தியவர், 1948 இல் வேண்டுமென்றே லொஸ் ஏஞ்சலிசில் ஒரு துண்டுக் காணி வாங்கினார். சட்டத்தைச் சோதித்துப் பார்க்கத்தான். 1950 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐக்கிய நாடுகள் பட்டயத்தைக் காட்டியே அந்தக் காணிச் சட்டம் செல்லாது என்றது. 1952 இல் கலிபோர்ணியா உயர் நீதிமன்றம், பட்டயத்தை வைத்து அல்ல, அமெரிக்க அரசியலமைப்பின் சமத்துவ விதியை வைத்து, சட்டம் செல்லாது என்று முடித்தது. 1954 இல் குடியுரிமையும் கிடைத்து, அதே வருசம் ஃபூஜி இறந்தார். கென்ற் வாங்கியது 611 ஏக்கர். ஃபூஜி வாங்கியது ஒரு துண்டு. எனக்கு இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதியாகத் தெரிகிறது.

எங்கட பக்கம்

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதினேன் என்றால், இது எங்கட வீட்டுக்கும் வந்த கேள்வி. ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் உண்டு. அதை அடுத்து இன்னொருவருடைய உறுதிக் காணி, ஆறு ஏக்கர், தறிபடாத காடு. பாலை, முதிரை, வீரை, கருங்காலி எல்லாம் நிற்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில். விற்கப் போகிறார் என்றும், ஒரு மர வியாபாரி விலை பேசிவிட்டார் என்றும் செய்தி வந்தது. பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் சொல்லிப்போட்டுத்தான் விற்க வேண்டும் என்று தேசவழமையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நாங்கள் பங்காளிகள் இல்லை, வேலிக்காரர் மட்டும்தான். ஆனாலும் கேட்டோம். நோர்வேயில் அண்ணா, ரொறன்ரோவில் அக்கா, கராமாவில் நான், மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வாங்கினோம். மரம் போனால் பக்கத்துக் குளம் மண் மூடித் தூர்ந்துபோகும் என்பது அப்பா சின்ன வயதிலேயே சொல்லித் தந்தது.

வாங்கினபிறகுதான் பிரச்சினை. அந்தக் காட்டு விளிம்பில் இடம்பெயர்ந்து வந்த இரண்டு குடும்பம் இருக்கிறது. பட்ட விறகு பொறுக்குவார்கள், தேன் எடுப்பார்கள், ஆனி ஆடியில் பாலைப்பழம் பொறுக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஆறு ஏக்கரையும் முள்ளுக்கம்பி அடித்து மூடவேண்டும், இல்லாவிட்டால் காடு மிஞ்சாது என்பது அண்ணாவின் நிலை. அவர் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது. அக்காவோ, சொந்த ஊரில் வேலிக்கு வெளியே நிற்பது என்னவென்று எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டா. மாதக் கணக்கில் ரெலிபோனில் இழுபட்டது.

கராமா என்ற அரபுச் சொல்லுக்குக் கண்ணியம், மானம் என்று பொருள். நான் இருக்கிற தெருவின் பெயர் அது. ஆனால் இந்த நாடு அகதி உடன்படிக்கையில் ஒப்பமிடாத நாடு, நான் விசாவில் சீவிக்கிறவன். டுபாயில் வெளிநாட்டவர் குறித்த சில பகுதிகளில் சொத்து வாங்க வழி வந்ததே 2002 இல்தான். என்னைப் போன்றவர்களுக்கு அதுவும் எட்டாத கொம்பு. காணி வாங்க முடியாதவனாக இருப்பது எப்படி என்பதை இங்கே நாள்தோறும் அனுபவிக்கிறேன். இன்னொன்றையும் இங்கே பார்க்கிறேன். பாலைவனத்தில் காஃப் என்று ஒரு மரம் நிற்கும். அது எங்கட வன்னி மரமேதான். 2008 இல் அதைத் தேசிய மரமாக்கி, தறிக்கக் கூடாது என்று காக்கிறார்கள். ஒட்டகமும் ஆட்களும் அதன் நிழலில் ஒதுங்குவதை யாரும் தடுக்கவில்லை. மரமும் நிற்கிறது, நிழலும் பொதுவாக இருக்கிறது.

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். தறிப்பதும் எரிப்பதும் இல்லை. விறகுக்கும் தேனுக்கும் பழத்துக்கும் போக ஒரு பாதை. அந்த இரண்டு குடும்பமும் கிராமத்துப் பெரியவர்கள் இரண்டு பேரும் காட்டைப் பார்த்துக்கொள்ளுவார்கள். இதைக் கடதாசியில் எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தோம். இது எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது கேள்விதான். நாங்கள் மூன்று பேரும் கண்ணை மூடினால், பிள்ளைகளுக்கு ஒட்டுசுட்டான் எங்கே என்றுகூடத் தெரியாமல் போகலாம். கென்ற் தன் பெயரில் இருந்த காட்டைத் தன் பெயரில் வைத்திருந்து காக்கவில்லை, பொதுவாக்கித்தான் காத்தார். அந்தப் பாடத்தை அவரிடம் எடுக்கிறோம். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்ற பாடத்தை அவரிடம் எடுக்கவில்லை.

புலம்பெயர்ந்த காசு இப்போது ஊரில் நிறையக் காணி வாங்குகிறது. வாங்குங்கோ. மதில் கட்ட முன்னம், அந்தக் காணியில் என்னென்ன மரம் நிற்கிறது, யார் யார் அதன் வழியாக நடக்கிறார்கள் என்று ஒருக்கால் எழுதி வையுங்கோ. அந்தக் கடதாசியை உறுதியோடு சேர்த்துப் பிள்ளைகளிடம் கொடுங்கோ.